த்ரெட்டில் ஒட்டிக்கொண்ட பெயர்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகள் கோவையில் காலேஜ் சேர்ந்தது சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம், எனக்கு மட்டும் கழுத்துவலி விடுவதாக இல்லை.

உங்கள் ஜாவா அப்ளிகேஷனின் ஆடிட் லாக் (யார் என்ன செய்தார் என்ற பதிவேடு) விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் ஒப்புதல் கொடுத்த பில்லில் வேறொருவர் பெயர் பதிவாகிறது, அதுவும் லோடு (ஒரே நேரத்தில் வந்து குவியும் வேலை) ஏறிய பிறகுதான் என்று எழுதியிருந்தாய். புரோகிராம் கோடைப் பார்க்காமல் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் என் சந்தேகம் த்ரெட்லோக்கல் மேல்தான், அதாவது ஒவ்வொரு த்ரெட்டும் (புரோகிராமுக்குள் வேலையை ஓட்டும் இழை) தனக்கென்று வைத்துக்கொள்ளும் மதிப்பு. 1998இல் ஜாவா 1.2 கொடுத்த வசதி அது. லாகின் செய்தவர் யார், ரிக்வெஸ்ட் ஐடி என்ன என்பதையெல்லாம் த்ரெட்டிலேயே ஒட்டிவைத்துவிடலாம். ஆனால் பூலில் (திரும்பத் திரும்பப் பயன்படுத்த வைத்திருக்கும் த்ரெட்களின் கூட்டத்தில்) இருக்கும் த்ரெட் வேலை முடிந்ததும் சாவதில்லை, அடுத்த வேலைக்குப் போகிறது. லாட்ஜ் ரூமைப் பெருக்காமலே அடுத்தவருக்குச் சாவி கொடுக்கிற கதைதான்.

உங்கள் ஸ்பிரிங் செக்யூரிட்டியில் (லாகின் விவகாரத்தைக் கவனிக்கும் ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கின் பகுதி) யாராவது இன்ஹெரிட்டபிள் மோடை, அதாவது ஒரு த்ரெட்டின் மதிப்பை அது உருவாக்கும் புது த்ரெட்டுக்கும் கொடுக்கிற முறையைப் போட்டிருக்கிறார்களா பார். அசிங்க் வேலைக்குள் (வேறு த்ரெட்டில் பின்னணியில் ஓடும் வேலை) யூசர் பெயர் வரவில்லை என்றதும் பலர் தேடிப்பிடிக்கிற குறுக்குவழி அது. த்ரெட் உருவாகும்போது மட்டும்தான் அந்த மதிப்பு நகலாகும். லோடு ஏறினால் பூல் புது த்ரெட் போடும். அந்த நேரத்தில் யாருடைய ரிக்வெஸ்டோ, அவர் பெயர் அந்த த்ரெட்டோடு தங்கிவிடும். சோதிப்பது சுலபம்: டெஸ்டில் பூல் அளவை 1 ஆக்கி, இரண்டு யூசர்களாக அடுத்தடுத்து வேலை அனுப்பு. இரண்டாவதிலும் முதலாமவர் பெயர் வந்தால் ஆள் அகப்பட்டான்.

இதைச் சரிசெய்ய, வேலையைக் கொடுக்கும் நேரத்தில் கான்டெக்ஸ்டை (யூசர் பெயர் போன்ற சூழல் விவரங்களை) எடுத்து, வேலையோடு அனுப்பி, முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். ஸ்பிரிங்கில் டாஸ்க் டெக்கரேட்டர் இதற்குத்தான். ஜாவா இஇ 7 (நிறுவன அப்ளிகேஷன்களுக்கான ஜாவா) இதை 2013லேயே மேனேஜ்டு எக்ஸிக்யூட்டர் சர்வீஸ் என்று கன்டெய்னரின் (அப்ளிகேஷனை ஓட்டும் சர்வரின்) பொறுப்பாக்கியது. யூசர் அடையாளமும் கிளாஸ்லோடரும் (ஜாவா கிளாஸ்களை ஏற்றும் பகுதி) கூடவே போகும், டிரான்சாக்ஷன் (முழுதாக நடக்க வேண்டும், இல்லையேல் முழுதாக ரத்தாக வேண்டும் என்ற டேட்டாபேஸ் வேலை) போகாது. அது சரியான முடிவு என்பேன். ஒரே டிரான்சாக்ஷனை இரண்டு த்ரெட் இழுத்தால் கமிட் (முடித்து உறுதிசெய்வது) யார் செய்வது? அப்புறம், கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சருக்கு (பின்னணி வேலையின் விடையைப் பிறகு வாங்கிக்கொள்ளும் ஜாவா வசதி) எக்ஸிக்யூட்டர் (வேலையை ஓட்டும் பூல்) கொடுக்காமல் விட்டால் வேலை ஜாவாவின் பொதுவான காமன் பூலுக்குப் போய்விடும், இந்த ஏற்பாடெல்லாம் அங்கே செல்லாது. அதையும் தேடிப்பார்.

உங்கள் மேனேஜர் சொல்வதுபோல் ஜாவா 21இன் வர்ச்சுவல் த்ரெட்டுக்கு (ஜாவாவே நிர்வகிக்கும், செலவு குறைந்த த்ரெட்) மாறினால், வேலைக்கு ஒரு புது த்ரெட் என்பதால் பழைய பெயர் தங்காது. ஆனால் சரியான பெயரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்போதும் உங்கள் வேலைதான். 2025இல் ஜாவா 25இல் நிலைபெற்ற ஸ்கோப்டு வேல்யூ (கோடின் ஒரு பிளாக் ஓடும்வரை மட்டும் இருக்கும் மதிப்பு) எனக்குப் பிடித்திருக்கிறது: நடுவில் யாரும் செட் செய்ய முடியாது, பிளாக் முடிந்ததும் தானே போய்விடும். உங்கள் லைப்ரரிகள் எல்லாம் அதற்கு மாற நாளாகும், அதற்காகக் காத்திருக்காதே.

டெஸ்டில் என்ன வந்தது என்று எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா என்பதையும் சொல், டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
குமார்