பொங்கல் விடுமுறையில் பூக்கல் வாங்க வருகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்ட் கல்லான பூக்கல்லைக் கையால் செய்யும் பட்டறையிலிருந்து எழுதுகிறோம்.

2026 தைப்பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை வருகிறது. மாட்டுப்பொங்கல், உழவர் திருநாள், ஞாயிறு என்று நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு. சென்னையிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்கள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து ஒட்டடை அடிப்பார்கள். ஒட்டடை போனதும் கண்ணில் படுவது தரைதான். உடனே எங்களுக்குப் போன் வரும். "முகப்புக்கு மட்டும் கல் வேணும். லீவு முடியறதுக்குள்ள பதிச்சிரலாமா?"

இந்த முறை அந்த நாலு நாளில் கல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஆர்டர் மட்டும் வாங்கிக்கொள்வோம். ஏன் என்று சொல்லிவிடுவது மரியாதை.

போன பொங்கலுக்கு ஒரு ஆச்சி வீட்டில் அவசரம் என்றார்கள். எங்களுக்கும் மறுக்க மனசு வரவில்லை. கல்லை ஊறவைக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்து இரண்டே நாள் ஆன கல்லை வண்டியில் ஏற்றிவிட்டோம். மாசி பிறப்பதற்குள் ஆச்சி கூப்பிட்டார்கள். "தம்பி, சிவப்புக் கல்லெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கே" என்றார்கள். போய்ப் பார்த்தோம். பூவின் இதழ்கூடத் தெரியாத அளவுக்கு வெள்ளை படிந்திருந்தது. சிமெண்ட்டில் உள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே ஏறி, காற்றுப் பட்டு அப்படிப் படியும். நாலைந்து முறை கழுவியும் விடாத கற்களைப் பெயர்த்து, எங்கள் செலவில் மாற்றிக் கொடுத்தோம். தவறு முழுக்க எங்களுடையது. ஆச்சி ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கல் எப்படி உருவாகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்தத் தாமதம் புரியும். தரையில் கண்ணாடியை வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. கூழ் பதத்தில் கரைத்த சிமெண்ட் வர்ணத்தைக் கரண்டியால் ஒவ்வொரு அறையாக ஊற்றுவார்கள். சிவப்பு ஓர் அறை, மஞ்சள் ஓர் அறை, பச்சை ஓர் அறை. பிறகு அச்சைத் தூக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். எங்கள் மூத்த தொழிலாளி அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அதன்மேல் உலர்ந்த மணல் சிமெண்ட் தூவி, ஈரக் கலவை போட்டு, கரண்டியால் அழுத்தி மட்டம் செய்வார்கள். கல்லின் முகம் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதால்தான் அந்தப் பளபளப்பு. எந்திரமும் இல்லை, சூளையும் இல்லை. கல்லைக் கெட்டியாக்குவது தண்ணீரும் நாளும்தான். தொட்டியில் ஊறி, வெளியே வந்து காய்ந்து, முழுப் பலம் பிடிக்க 28 நாள் ஆகும்.

சரி, அப்படியானால் இந்த விடுமுறையில் என்ன செய்யலாம்? இருக்கிற தரையைத் துடைத்துப் பழைய பளபளப்புக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டு வளவில் (உள்கட்டில்) கிடக்கும் பழைய கல்லுக்கு நாங்கள் இன்று செய்யும் கல் ஈடாகாது. அத்தனை வருஷம் நடந்த பாதம் அதைத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறது.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறோம், ஆசிட் ஊற்றாதீர்கள். கறை போகிற மாதிரி தெரியும், கூடவே கல்லின் மேல்தோலும் போய்விடும். எலுமிச்சை, புளி போட்டுத் தேய்ப்பதும் அப்படித்தான். முதலில் மண் போகப் பெருக்குங்கள், இல்லாவிட்டால் துடைக்கும்போது மணலே கீறிவிடும். அப்புறம் வெறும் தண்ணீர், அழுக்கு அதிகமென்றால் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். நன்றாக உலர்ந்த பிறகு தேங்காய் எண்ணெயைத் துணியில் ஒற்றி லேசாகத் தேய்த்து, மேலே உமியைத் தூவிக் கோணித் துண்டால் அழுத்தித் துடைத்தெடுங்கள். எண்ணெய் மிச்சம் இருக்கக் கூடாது, வீட்டில் வயசானவர்கள் நடக்கிறார்கள்.

நடுவீட்டுக் கோலத்துக்கு அரிசி மாவே போதும். ஊறவைத்து அரைத்த மாவைத் துணியில் நனைத்து விரல் வழியே இழுத்தால், சிவப்புக் கல்மேல் அந்த வெள்ளைக்கு இணையே கிடையாது. வர்ணப் பொடியை மட்டும் ஈரத் தரையில் போடாதீர்கள், கல் உறிஞ்சிக்கொள்ளும். மஞ்சள் கொத்தையும் விளக்கையும் வெறும் தரையில் வைக்காமல் வாழை இலையோ தாம்பாளமோ போட்டு வையுங்கள். கோலத்துக்குக் காவிப் பட்டை இழுப்பதை வாசல் கருங்கல் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பூக்கல்மேல் வேண்டாம்.

கடைக்குப் போக ஆசையிருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு சுற்று வாருங்கள். பழைய பித்தளை விளக்கு, எனாமல் தூக்கு, மரத் தூண் என்று எல்லாம் கிடைக்கும். பனை ஓலையில் பின்னிய கூடையான கொட்டான் வாங்கினால் பூவும் பழமும் வைக்க ஆகும், ஊர் திரும்பும்போது பலகாரமும் கட்டிக் கொடுக்கலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையையும் மறந்துவிடாதீர்கள்.

பட்டறை வியாழன், வெள்ளி விடுமுறை. சனி, ஞாயிறு காலை 9 முதல் 5 வரை திறந்திருக்கும். கல் பதிக்க வேண்டிய தரையை அளந்து, அந்த அளவைக் கொண்டுவாருங்கள். 100 சதுர அடிக்கு 10 அங்குலக் கல் 144 வேண்டும், 8 அங்குலம் என்றால் 225. அதற்கு மேல் பத்துப் பதினைந்து கல் சேர்த்தே சொல்லுங்கள். பின்னால் ஒரு கல் உடைந்தால், வேறு நாள் கலந்த வர்ணம் அச்சு அசலாக ஒத்துப்போகாது.

பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். சனிக்கிழமை ஒரு தொழிலாளி இருப்பார், ஆளுக்கு ஒரு கல் அவர்கள் கையாலேயே வர்ணம் ஊற்றலாம். அடியில் பெயர் எழுதித் தொட்டியில் போட்டு வைப்போம். மாசி முதல் வாரம் வந்து வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் ஊர் திரும்பிவிட்டால், வீட்டில் இருக்கும் ஆச்சியிடம் நாங்களே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
பட்டறைக் குடும்பத்தார்