அந்தக் கூட்டத்தில் அது இசைக்கப்படவே இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் மறைவுக்காகப் பீத்தோவன் எழுதிய கான்டாட்டா (பாடகர்களும் இசைக்குழுவும் சேர்ந்து நிகழ்த்தும் நெடும்பாடல்), அஞ்சலிக் கூட்டத்தில் கேட்டவர்களைக் கண்கலங்க வைத்ததாகச் சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. யார் கேட்டார்கள்? யார் கண்கலங்கினார்கள்?

1790 பிப்ரவரி 20 அன்று பேரரசர் இறந்தார். ஜெர்மனியின் பான் நகர வாசகர் சங்கம் மார்ச் 19 அன்று அஞ்சலி செலுத்தியது. அதற்கு இரண்டு நாள் முன்பே, பல காரணங்களால் கான்டாட்டாவை நிகழ்த்த இயலாது என்று சங்கம் குறிப்பெழுதிக் கைவிட்டுவிட்டது. 19 வயதில் அவ்வளவு பெரிய படைப்பை எழுதியவர், 1827இல் சாகும்வரை அதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கையெழுத்துப் படி வெளிச்சத்துக்கு வந்து, வியன்னாவில் முதன்முதலாக ஒலித்தது 1884இல். பெயரில்லாமல் கிடைத்திருந்தாலும் இது பீத்தோவனுடையதுதான் என்று இசையமைப்பாளர் பிராம்ஸ் வியந்தது தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் எப்படி அந்த வரியை விட்டீர்கள்?

நான் இதைப் பாடகர் குழுவில் நின்று பாடியிருக்கிறேன். மனிதர்கள் ஒளியை நோக்கி ஏறினார்கள் என்று சோப்ரானோ, அதாவது உச்சக் குரல் பாடகி, தொடங்க, நாங்கள் பின்னால் சேர்வோம். பிறகு பீத்தோவனின் இசைநாடகமான ‘ஃபிடேலியோ’வின் இறுதிக் காட்சியைப் பாடியபோது, கணவனின் விலங்கை லியனோரா கழற்றும் இடத்தில் அதே மெட்டு எழுந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கைவிடப்பட்ட மெட்டைப் பல ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்து, விடுதலைக் காட்சிக்கென்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்! கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. காது கேளாமைக்கு மட்டும் மூன்று பத்திகள்.

மோட்சார்ட்டுக்குச் சக இசையமைப்பாளர் சாலியேரி நஞ்சு வைத்தார் என்ற கதையை உண்மைபோல் வெளியிட்டபோதும் எழுதினேன். பதில் வரவில்லை. இசைப் பக்கத்தைப் பாதியாகக் குறைத்தபோதும் எழுதினேன். அதற்கும் பதில் வரவில்லை. இந்தப் பக்கத்தை நம்பி இசை கேட்கத் தொடங்கியவள் நான். அந்த உரிமையில்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். கான்டாட்டாவின் வரிகளை எழுதிய செவெரின் அன்டோன் அவெர்டோங்கின் பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள். கட்டுரையில் அது விடுபட்டிருக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி