பழைய ஜிஎம்சி மோட்டார்ஹோம்: அடிப்பகுதி வேலையை ஏன் முதலில் செய்கிறோம்?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். படுக்கை, சமையல் வசதியோடு வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வண்டியான பழைய ஜிஎம்சி மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி எங்கள் பணிமனைக்குக் கொண்டுவருபவர்களில் பலர், இருக்கை உறை, சமையல் மேடை, தரைவிரிப்பு ஆகியவற்றைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்றே முதலில் கேட்கிறார்கள். நாங்களோ டயர், பின்பக்க எடையைத் தாங்கும் காற்றுப்பை, பெட்ரோல் குழாய் என்று வேறொரு பட்டியலை நீட்டுகிறோம். இதனால் சிலருக்கு மனக்குறை உண்டு என்பதை அறிவோம். இந்த வரிசையை நாங்கள் ஏன் மாற்றுவதில்லை என்பதை விளக்கவே இம்மடல்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பான்டியாக் நகரில், 1973 முதல் 1978 வரையிலான மாடல்களாக, ஏறக்குறைய 13,000 வண்டிகள் மட்டுமே தயாராயின. அக்காலத்து மோட்டார்ஹோம் நிறுவனங்கள் பெரும்பாலும் லாரி அடிச்சட்டத்தை வெளியிலிருந்து வாங்கி, அதன்மேல் ஒரு பெட்டியைக் கட்டி விற்றுவந்தன. ஜிஎம்சியின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸோ சட்டம், எஞ்சின், கூடு அனைத்தையும் ஒரே வண்டியாகத் திட்டமிட்டு வரைந்தது. இன்றுவரை இதற்கு ஆள் தேடி வருவதற்குக் காரணம் அந்த முடிவுதான் என்பது எங்கள் கருத்து.

ஓல்ட்ஸ்மொபில் டொரொனாடோ காரின் முன்சக்கர இயக்கத்தை அப்படியே எடுத்து இதில் பொருத்தினார்கள். தொடக்கத்தில் வந்த 7.5 லிட்டர் வி8 எஞ்சினின் விசை, ஒரு சங்கிலி வழியாகப் பக்கத்திலேயே உள்ள கியர்பெட்டிக்குச் சென்று, அங்கிருந்து முன்சக்கரங்களுக்குப் போகிறது. ஆகவே பின்பக்கம் நோக்கி ஓடும் சுழல்தண்டும் இல்லை, குறுக்கே கிடக்கும் அச்சும் இல்லை. பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனிக் கைகளில் நிற்க, அந்தக் கைகளுக்கு இடையே இருக்கும் காற்றுப்பை எடையைத் தாங்குகிறது. அடியில் தடையாக எதுவும் இல்லாததால் தரையை நிலத்திலிருந்து சுமார் 14 அங்குல உயரத்திலேயே அமைக்க முடிந்தது. ஒரே படியில் உள்ளே ஏறிவிடலாம், ஆறடி ஆள் நிமிர்ந்து நடக்கலாம், அப்படியிருந்தும் வெளியே பார்த்தால் வண்டி உயரமாகத் தெரியாது. எடை தாழ்வாக இருப்பதால், நெடுஞ்சாலையில் பெரிய லாரி கடந்துபோகும்போது உயரமான வண்டிகள் ஆடுவதுபோல இது ஆடுவதில்லை.

உள்ளலங்காரத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. எழுபதுகளின் பச்சையையும் ஆரஞ்சையும் விரும்புபவர்களோடு எங்களுக்கு வழக்கும் இல்லை. ஆனால் ஜிஎம்சி நிறுவனமே இவ்வண்டியை வெற்றுக் கூடாகவும் விற்றது என்பதையும், அதை வாங்கிய வேறு நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி உள்வேலை செய்துகொண்டன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். உள்ளே என்றைக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அடிப்பகுதி அப்படியல்ல.

நாங்கள் பார்ப்பது இவைதாம். இரவு நிறுத்திய வண்டியின் பின்மூலை ஒன்று காலையில் தாழ்ந்திருந்தால், அப்பக்கத்துக் காற்றுப்பையோ அதன் குழாயோ கசிகிறது என்று பொருள்; ரப்பரில் வெடிப்புத் தெரிந்தால் ஒட்டுப்போடுவதில்லை, மாற்றியே தருகிறோம். டயரின் பக்கவாட்டில் உற்பத்திக் குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். பள்ளம் தேயாமல் பளபளப்பாக இருந்தும், அந்த ஆண்டைப் பார்த்தபின் நாங்களே ஓட்டத் தயங்கிய டயர்கள் வந்ததுண்டு. மேலும், இவ்வண்டியுடன் வந்த 16.5 அங்குலச் சக்கரத்துக்கு நல்ல டயர் கிடைப்பது அரிதாகிவிட்டதால், 16 அங்குலச் சக்கரத்துக்கு மாறுவதே நல்லது என்கிறோம்.

பெட்ரோல் குழாய்களைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அக்காலத்து ரப்பர் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று. எஞ்சினோ பயணிகள் அமரும் அறைக்கு அடியில், முன்னிருக்கைகளை ஒட்டித் தரையிலுள்ள மூடிக்குக் கீழே இருக்கிறது. அங்கே ஒரு குழாய் கசிந்தால் தீ எங்கே பிடிக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஆகவே பெட்ரோல் குழாய்களை முழுதும் மாற்றாத வண்டியில் அலங்கார வேலை எதையும் நாங்கள் ஏற்பதில்லை.

செலவையும் மறைக்க விரும்பவில்லை. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. சிக்கனத்தை எதிர்பார்ப்பவர்கள் வேறு வண்டி பார்ப்பதே நலம். 1979-ஆம் ஆண்டு மாடலாக வந்த டொரொனாடோ உருவத்திலும் எஞ்சினிலும் சிறிதாகிவிட்டதால், இந்த எஞ்சினும் கியர்பெட்டியும் இன்று புதிதாகக் கிடைப்பதில்லை; பழையதைப் பிரித்துச் சீரமைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் காற்றுப்பை, பிரேக், முன்சக்கரப் பாகங்கள் போன்றவற்றை இவ்வண்டிக்கென்றே செய்துதரும் சிறு நிறுவனங்கள் இன்றும் உள்ளன. உரிமையாளர் சங்கங்கள் விடாமல் கேட்டுவந்ததன் பயன் இது. சில பாகங்கள், குறிப்பாக பின்சக்கர டிஸ்க் பிரேக்குகள், அசலைவிட மேலானவை.

அடிப்பகுதி வேலை முடிந்து, வண்டியை நீங்கள் ஒரு நீண்ட பயணம் ஓட்டிப் பார்த்த பின்னரே உள்வேலைக்கான மதிப்பீட்டைத் தருவோம். கட்டில் எங்கே வேண்டும், மேசை எங்கே இடிக்கிறது என்பதெல்லாம் அப்பயணத்தில் தெரிந்துவிடும். அதன்பின் பட்டியல் பெரும்பாலும் சுருங்கியே வருகிறது. வண்டியைப் பார்வையிடக் கொண்டுவரும்போது பெட்ரோல் தொட்டிகளைப் பாதிக்குமேல் நிரப்பாமலும், முந்தைய உரிமையாளர் தந்த பழுதுபார்ப்பு ரசீதுகள் இருந்தால் அவற்றைத் தவறாமல் எடுத்துக்கொண்டும் வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பணிமனையினர்