வாசிகசாலைச் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போஷகர் ஐயா அவர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே,

பதிவேட்டில் 62 பெயர்கள் இருக்கின்றன. இன்று கையெழுத்திட்டவர்கள் 19 பேர். அவர்களில் மூவர் தேநீர் கொண்டுவந்த பிள்ளைகள். ஆகவே கூட்டத்துக்குப் போதிய ஆட்கள் இருக்கிறார்களா என்று யாரும் எண்ண மாட்டீர்கள் என நம்பி வாசிக்கிறேன்.

தைப்பொங்கல் விழா வழமைபோல் நடைபெற்றது. சிரமதானத்தில் படிக்கட்டு துப்புரவு செய்யப்பட்டது. வாணி விழா மழை காரணமாகக் கோயில் மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. பத்திரிகைக் கட்டணம் இரண்டு மாதம் நிலுவையில் நின்று பின்னர் கட்டப்பட்டது.

வரலாற்றில் வாழ்ந்து மறைந்தவர்களைப் பற்றிப் பேசவைத்து நான் நடத்தும் சனிக்கிழமை ஆங்கில வகுப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "ஹோட்டல் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் செத்துப்போனவர்களின் கதை எதற்கு?" என்று நிர்வாக சபையில் ஒருவர் கேட்டார். அவர் இன்று வரவில்லை. பதிலை இங்கே பதிந்துவைக்கிறேன். சந்தா கட்ட வரும்போது வாசித்துக்கொள்ளட்டும்.

வகுப்புக்கு வருகிறவர்கள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளும், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலை செய்யும் சிலரும், பாலர் பாடசாலை ஆசிரியைகள் இருவருமாகப் பதினாறு பேர். முதல் வாரம் நெல்சன் மண்டேலாவைப் பற்றிப் பேசச் சொன்னேன். பதினாறு பேரும் ஒரே கட்டுரையை ஒப்புவித்தார்கள். 1918இல் பிறந்தார், 27 ஆண்டுகள் சிறையிலிருந்தார், அவர் ஒரு மாமனிதர். "ஏன் சிறைக்குப் போனார்?" என்றேன். கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. அன்றே "ஹி வாஸ் எ கிரேட் மேன்" என்ற வாக்கியத்தை வகுப்பில் தடை செய்தேன். சொன்னால் ஐந்து ரூபாய் அபராதம். சங்கத்தில் தவறாமல் வசூலான பணம் இந்த ஆண்டில் அது ஒன்றுதான்.

அடுத்த வாரம், இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலைத் தொடக்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர். நாற்காலி ஒன்றை நடுவில் போட்டு, ஒருவர் டெய்லராக உட்கார, மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. பதினாறு வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர், 1892இல் அந்தத் தோட்டத்திலேயே இறந்தவர் என்ற அளவில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியைகளில் இளையவர் உட்கார்ந்தார். எங்கே பிறந்தீர்கள், எப்போது வந்தீர்கள் என்று கேள்விகள் வந்தன. அவரும் சீட்டைப் பார்த்து வாசித்தார். அதுவரை தானாக வாய் திறக்காத மடுவத்துப் பையன் அப்போது எழுந்து, "ஹவ் மச் டிட் யூ பெய்ட் தெம்?" என்றான், தொழிலாளருக்கு எவ்வளவு கூலி கொடுத்தீர்கள் என்று. அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை. கொஞ்ச நேரம் கழித்து, கங்காணியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். வகுப்பே சிரித்தது. 'டிட்' வந்தால் வினைச்சொல் 'பெய்ட்' ஆகாமல் 'பே' என்ற மூல உருவுக்கே திரும்பிவிடும் என்பதைக் கரும்பலகையில் நான் ஐந்து தடவை எழுதியிருக்கிறேன். அது அன்றைக்குத்தான் அவர்களுக்கு ஏறியது, பையனுக்குப் பதில் தேவைப்பட்டதால்.

பிறகு அவர்களே ஆட்களைக் கொண்டுவந்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த தொழிலாளி கோவிந்தனை ஒரு பிள்ளை தன் பாட்டியிடம் கேட்டு எழுதிவந்தாள். முல்லோயாவும் லூல்கந்துரவும் ஒரே ஹேவாஹெட்டப் பக்கம் என்று வரைபடத்தில் கண்டபோது, டெய்லரா கோவிந்தனா, நம் வாழ்க்கையை அதிகம் மாற்றியவர் யார் என்ற வாதம் இரண்டு வாரம் ஓடியது. தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த நடேசய்யர் மேடையில் பேசுமுன் அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாடியதைக் கேட்டு, அப்படியானால் நாற்காலி இரண்டு போட வேண்டும் என்றார்கள். போட்டோம். நடக்காததைக் கற்பனை செய்து பேசும் 'இஃப்' வாக்கியங்களுக்கு 1869இல் கோப்பிச் செடியில் கண்ட இலைநோய் உதவியது. அந்த நோய் வராதிருந்தால் நாம் கோப்பிக்காரர்களாக இருந்திருப்போம் என்று பிழையில்லாமல் சொன்னவள், பரீட்சையில் ஆங்கிலத்தில் சித்தியடையாதவள்.

தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களைப் பற்றிய வாரம் எனக்குப் பயமாகவே இருந்தது. வகுப்பில் மூன்று தொழிற்சங்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1978இல் அவர் அமைச்சரவையில் சேர்ந்தது நமக்கு நன்மையா என்பது கேள்வி. தமிழில் பேசியிருந்தால் மேசை உடைந்திருக்கும். ஆங்கிலத்தில் இறந்தகால வினையைத் தேடிப் பிடிப்பதற்குள் கோபம் ஆறிவிடுகிறது. "நான் உடன்படவில்லை, ஆனால் உங்கள் கருத்து விளங்குகிறது" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். நமது நிர்வாக சபையிலும் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

ஆங்கில வகுப்புக்காகப் பணம் விரயமானது என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. போட்டோ கொப்பி, படங்களுக்கு லெமினேட், வெண்கட்டி, செலவு இவ்வளவே. பல தடவை என் கைப்பணத்தில் கொடுத்தேன். அதை நான் கணக்கில் காட்டவில்லை, இங்கே குறிப்பிடுவதோடு சரி. மற்றபடி வரவும் செலவும் ஏறத்தாழ சமமாக இருக்கின்றன, கையிருப்பு சிறிதளவு உண்டு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. அவர் கொழும்பிலிருந்து வந்ததும் முன்வைப்பார்.

சந்தா ஆண்டுக்கு 600 ரூபாய். முழுவதும் கட்டியவர்கள் 17 பேர். தீபாவளி முற்பணம் கிடைத்ததும் தருவதாகச் சொன்னவர்கள் எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை. சம்பளத்தின் நிலை எனக்கும் தெரியும். அரைச் சந்தா கட்டியவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் வாசிகசாலைத் திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு சனிக்கிழமை ஊரில் இல்லாமற்போன அங்கத்தவரை எப்படி மன்னிப்பது? அவற்றில் ஒரு நாள் பதினாறு பேரும் தாழ்வாரத்தில் நின்றபடி காந்தியைப் பற்றிப் பேசினோம். அவர் 1927இல் இந்த மலைகளுக்கு வந்தவர். குளிரில் நின்றதால் வாக்கியங்கள் சுருக்கமாக அமைந்தன.

மண்டபம் தந்த கோயில் பரிபாலன சபைக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தலைவர், போஷகர், நிர்வாக சபையினர் யாவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பதவியில் தொடர எனக்கு விருப்பமில்லை. யாராவது முன்வந்தால் இன்றே பதிவேட்டை ஒப்படைப்பேன். ஒருவரும் முன்வராவிட்டால், திறப்புக்கு இன்னொரு பிரதி வெட்டித் தர வேண்டும், நாற்காலியும் வேண்டும். இதுவரை பயன்படுத்தியது தலைவர் வீட்டு நாற்காலி. மகளின் கல்யாணத்துக்கு அவர் அதைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். வருகிற சனிக்கிழமை எங்கள் வகுப்புக்கு, அந்தக் காலத்துத் தேசியத் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் வருகிறார். அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது முறையல்ல.

இங்ஙனம்,
செயலாளர்