12.31 செக்கன்: கை கொடுத்த எல்லாருக்கும்

வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். லீவு முடிய இன்னும் நாலு நாள். ரொறன்ரோவுக்குத் திரும்பினால் வேலை, பனி, பில் என்று இந்த மடல் அப்படியே கிடந்துவிடும். என் கார் கால் மைலை 12.31 செக்கனில் ஓடக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதனால் இப்போதே.

என்னிடம் இருப்பது 2019 டொட்ஜ் சலஞ்சர் ஸ்கற் பாக். 6.4 லீற்றர் ஹெமி எஞ்சின், 485 குதிரை வலு. எங்கள் சனம் நிறைந்த பிரம்டனில்தான் இந்தக் காரைச் செய்தார்கள், 2023 டிசம்பரோடு நிறுத்தியும் விட்டார்கள். வாங்கின புதிதில் எனக்கு நிலத்தில் கால் படவில்லை. அந்தத் திமிரோடுதான் கயூகாவில் இருக்கும் ரொறன்ரோ மோட்டர்ஸ்போர்ட்ஸ் பார்க்குக்கு முதல்முறை போனேன். கால் மைல் ஓட்டம், 402 மீற்றர். 13.42 செக்கன் எடுத்தது. பக்கத்து லேனில் ஓடியவர் பிள்ளையின் சீற்றைக்கூடக் கழற்றாமல் ஒரு ரெஸ்லாவில் வந்திருந்தார். அவர் முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் எனக்குக் கை காட்டினார்.

பிறகு ஒரு கடைக்காரர் பேச்சை நம்பி, காற்றுக் குழாய் மாற்றி, கொம்பியூட்டர் ரியூன் பண்ணி, 1,800 டொலர் கட்டினேன். அடுத்த ஓட்டம் 13.38. அவருக்கு இந்த மடலில் இடமில்லை.

முதல் நன்றி கொக்குவிலில் இருக்கிற என் மச்சானுக்கு. கணக்கு வாத்தியார். டிராக் ஸ்ட்ரிப்பை, அதுதான் இந்த நேர்கோட்டு ஓட்டப் பாதையை, வாழ்நாளில் கண்டதில்லை. ஓடி முடிந்ததும் நேரமும் வேகமும் அச்சடித்துத் தருகிற துண்டுகளை வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் எடுத்துச் சொன்னார்: "கடைசியில நீ மணிக்கு 109 மைல் வேகத்தில போறாய். அந்த வேகத்துக்கு நேரம் 12.6 கிட்ட வரவேணும். எஞ்சினில பிழையில்லை. முதல் 60 அடிக்கு 2.34 செக்கன் எடுத்திருக்கிறாய். களவு போனது படலையடியில." உண்மைதான். அந்த முதல் 18 மீற்றரில் ஒரு தசமம், அதாவது செக்கனில் பத்தில் ஒரு பங்கு, மிச்சம் பிடித்தால், முடிவில் ஒன்றரைத் தசமம் வரை மிஞ்சும் என்று ஓடுகிறவர்கள் சொல்வார்கள். நான் வலுவுக்குக் காசு கொட்டிக்கொண்டு இருந்தேன். அந்த வலுவோ ரயரைச் சுற்றிப் புகையாய்ப் போய்க்கொண்டு இருந்தது.

அடுத்தது மாமா. எங்கள் ஒழுங்கைக்கே மாமா அவர், கே.கே.எஸ் வீதிப் பக்கம் கராச் வைத்திருக்கிறார். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போன காலத்தை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காபுரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைச் சட்டென்று மிதித்தால் உள்ளுக்குள் இடிக்கும், இல்லையென்றால் மூச்சடைத்து நின்றுவிடும். மாமா அப்படி ஓட்டிய ஒஸ்ரின் ஏ-40 சமர்செற் இன்றும் அவர் கராசில் நிற்கிறது. 42 குதிரை வலு. என்னுடையதில் பதினொன்றில் ஒரு பங்கும் இல்லை.

என் ஓட்டத்தின் வீடியோவை அவருக்குக் காட்டினேன். படத்தைப் பார்க்காமல் போனைக் காதில் வைத்துக் கேட்டார். "எஞ்சின் கத்துது, கார் போகேல்லை. நீ மிதிக்கிறாய் தம்பி. கிணத்துக்கை வாளி விடுற மாதிரி விடு. கயித்தைச் சும்மா விட்டியெண்டா வாளி போய் அடியில மோதும்." பிறகு, மணற்காட்டுப் பக்கம் கார் மணலில் புதைந்தால் என்ன செய்வோம் என்று கேட்டார். ரயரில் காற்றை இறக்குவோம். "அதைச் செய்து பார்."

சரி, உள்ளதைச் சொல்ல வேண்டும். என் பழைய ரயரில் காற்றை இறக்கிப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 20 அங்குல வீல், ரயரின் பக்கச்சுவர் மெல்லிசு, மடிய இடமில்லை. ஆனால் மாமா காட்டிய திசை பிழைக்கவில்லை. ஸ்காபரோவில் இருக்கும் என் சிநேகிதன் தன் 18 அங்குல வீல் இரண்டையும், ஓட்டத்துக்கென்றே செய்த, பிடிமானம் கூடின டிராக் ரேடியல் ரயர் போட்டபடியே, கடனாகத் தந்தான். றோட்டில் 32 பி.எஸ்.ஐ காற்று வைத்து ஓடுகிறவன் அன்றைக்கு 19க்கு இறக்கினேன். அதற்குப் பக்கச்சுவர் மடிந்து கொடுத்தது, ரயர் நிலத்தில் அகலமாகக் குந்தியது. அவன்தான் பின் சீற்றையும் கழற்றினான். இன்னும் பூட்டவில்லை, மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஸ்ராட் லைனில் நிற்கிற அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு இந்த மடல் விளங்காது. இருந்தாலும் நன்றி. முதல் நாள் நான் சாதாரண றோட்டு ரயரோடு, கோட்டுக்கு முன்னால் ரயர் நனைக்க விட்டிருக்கும் தண்ணீருக்குள்ளேயே காரை விட்டேன். தவாளிப்புகளில் ஏறின தண்ணீர் கோடு வரைக்கும் வந்து, எனக்கும் வழுக்கியது, எனக்குப் பின்னால் வந்தவருக்கும் வழுக்கியது. அவர் ஏசவில்லை. கிட்ட வந்து, றோட்டு ரயர் என்றால் தண்ணீரைச் சுற்றி வர வேண்டும், டிராக் ரயர் என்றால் நனைத்துவிட்டு ஒரு தரம் சுழற்றினால் போதும் என்று கையாலேயே காட்டினார்.

அன்று கொண்டுபோக மறந்த ஹெல்மெற்றைக் கழற்றித் தந்த, பெயர் தெரியாத தம்பிக்கும் நன்றி. 13.99 செக்கனிலோ அதற்குக் குறைவாகவோ ஓடுவதென்றால் ஹெல்மெற் இல்லாமல் விடமாட்டார்கள். பருத்தித்துறைப் பெடியன் என்று கதையில் தெரிந்தது. போன் நம்பர் வாங்க மறந்துவிட்டேன்.

அந்தக் கடைசி ஓட்டம். பின்னேரம், வெயில் இறங்கி, காற்று குளிர்ந்திருந்தது. பொனற்றைத் திறந்துவைத்து முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டேன். அம்மாவின் கட்டளைப்படி மனைவி முன் ரயர் இரண்டுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். அது கார் நிறுத்துகிற இடத்தில்தான், ஓட்டப் பாதையில் இல்லை, யாரும் பயப்பட வேண்டாம். கோட்டுக்கு வந்தேன். கார் கோட்டில் சரியாக நிற்கிறது என்று காட்டுகிற, மேலே உள்ள இரண்டு சின்ன லைற்றும் பற்றின. இடது கால் பிரேக்கில், எஞ்சின் 1,500 சுற்றில். மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை. பிரேக்கை விட்டேன். வலது காலால் வாளியை இறக்கினேன். கயிறு கைக்குள் இருந்தது. வழக்கமான கீச்சுச் சத்தம் இல்லை. பின்பக்கம் குந்தியது, முன்பக்கம் எழும்பியது, முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. பிறகுதான் முழுதாக அழுத்தினேன்.

முதல் 60 அடி 1.82. மொத்தம் 12.31. முடிவு வேகம் 112 மைல். முதல் நாளைவிட வேகம் மூன்றே மூன்று மைல்தான் கூட. நேரம் ஒரு செக்கனுக்கு மேல் குறைந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து துண்டை நீட்டினார்கள். வாங்கிய கை நடுங்கியது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இனியாவது நித்திரை கொள்ளுவீங்களோ?" என்று கேட்டார். மூன்று கோடை காலச் சனிக்கிழமைகளைத் தந்தவர் அவர். அவருக்கான நன்றியை இங்கே எழுதி முடியாது.

முந்தநாள் அந்தத் துண்டைக் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தேன். ஒஸ்ரினின் பொனற்றில் வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். முதல் வரியிலேயே விரல் நின்றது. .538.

"இதென்ன?"

பச்சை விழுந்த பிறகு நான் வெளிக்கிட எடுத்த நேரம், 12.31இல் அது சேராது, கார் கோட்டைவிட்டு அசைந்த பிறகுதான் மணிக்கூடு ஓடத் தொடங்கும் என்று விளங்கப்படுத்தினேன்.

"அப்ப அந்த அரைச் செக்கனும் என்ன செய்தனீ? கோயில் கும்பிட்டனியோ?"

சொல்லிவிட்டு, துண்டைக் கலண்டருக்குக் கீழே ஆணியில் குத்தினார். ஓரத்தில் அவருடைய கிறீஸ் பெருவிரல் அப்படியே பதிந்திருக்கிறது. வெளிக்கிடும்போது தனக்கு ஒரு சாமான் வேண்டும் என்றார்.

மாமா, ஏ-40இன் ஸ்பார்க்குக்குப் பொயின்ற் செற் இரண்டு ஓடர் பண்ணியாச்சு. அடுத்த லீவுக்குக் கொண்டு வருகிறேன்.