சாவி கொடுக்காதே, மகளே

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது.

ஏலத்தில் நீ எடுத்த, பொம்மைப் பறவை பாடும் வெள்ளிப் பெட்டியின் படங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: அதற்குச் சாவி கொடுக்காதே. கொடுத்திருந்தால், கொடுத்த மட்டும் போதும். "ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பாடும்" என்று விற்றவர் சொன்னாராமே! அந்தப் பேச்சை நம்பி நான் கெடுத்தவை எத்தனை என்று அம்மாவைக் கேள், விரல் விட்டு எண்ணிச் சொல்வாள்.

விசையைத் தள்ளினால் நீள்வட்ட மூடி திறக்கும். விரல் நகம் அளவுப் பறவை எழுந்து, அலகையும் சிறகையும் அசைத்துப் பாடிவிட்டு, மடங்கிப் படுக்கும். மூடி தானே விழும். ஆனால் பாட்டு அலகிலிருந்து வருவதில்லை. அடியில் ஒரு குட்டித் துருத்தி இருக்கிறது. அது ஊதும் காற்று ஒரே ஒரு குழலுக்குள் போகிறது. குழலுக்குள் ஒரு பிஸ்டன் முன்னும் பின்னும் ஓட, சுருதி ஏறி இறங்குகிறது. எவ்வளவு ஓட வேண்டும் என்பதை, விளிம்பில் மேடும் பள்ளமுமாக அறுத்த தகடுகள் முடிவு செய்கின்றன. ஒரு பறவையின் பாட்டைத் தகட்டின் ஓரத்தில் அறுத்து வைத்தவனின் கையை நினைத்துப் பார்!

அந்தத் துருத்திக்குப் பழைய கைவினைஞர்கள் போர்த்தியது மாட்டுக் குடலின் சவ்வு. வெங்காயச் சருகைவிட மெல்லியது. காலப்போக்கில் அது காய்ந்து வெடிக்கிறது. பழைய எண்ணெயோ பிசினாக இறுகிப் பற்சக்கரங்களைக் கவ்விக்கொள்கிறது. இந்த நிலையில் சுருள்வில்லை முறுக்கினால், பறவை பாதியில் நிற்கும், மூடி அதன் கழுத்தில் வந்து விழும். அப்படி நேர்ந்தால் கையால் அழுத்தி மூடப் போகாதே. நான் போனேன். ஒரு சிறகு இன்னும் தீப்பெட்டிக்குள் தனியாகக் கிடக்கிறது.

வெள்ளி கறுத்திருக்கிறதே என்று வருந்தியிருக்கிறாய். கறுக்கட்டும். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியின் மேல் படிய வைக்கும் மெல்லிய படலம்தான் அது, அவசரம் ஒன்றுமில்லை. கழுவும் திரவத்தில் முக்கிவிடாதே, திரவம் உள்ளே இறங்கினால் எஃகு துருப்பிடிக்கும். ரப்பர் பக்கமே போகாதே. மூடி ஆடுகிறதே என்று ஒரு பெட்டிக்கு ரப்பர் வளையம் மாட்டி அலமாரியில் வைத்தேன். எடுத்துப் பார்த்தபோது வளையம் இருந்த இடத்தில் மை கொண்டு இழுத்ததுபோல் ஒரு கோடு. ரப்பரிலும் கந்தகம் உண்டு என்பது அன்றுதான் உறைத்தது. கோட்டைத் தேய்த்தேன். கோட்டோடு, அருகில் வெள்ளியின் தரத்தைச் சொல்லும் முத்திரையும் பாதி போய்விட்டது.

முத்திரை என்றதும் நினைவு வருகிறது, உன் பெட்டியின் அடிப்பக்கத்தை வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்து இன்னொரு படம் எடு. பிறையும் கிரீடமும் 800 என்ற எண்ணும் தெரிந்தால் ஜெர்மனி நாட்டு வெள்ளி, ஆயிரத்தில் 800 பங்கு சுத்தம். அந்தக் குறி 1888-இல் நடைமுறைக்கு வந்தது. நடக்கும் சிங்கம் என்றால் ஆங்கிலேய வெள்ளி, ஆயிரத்தில் 925 பங்கு. ஆனால் முத்திரை பெட்டிக்குத்தான் சாட்சி, உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கு இல்லை. நல்ல கூட்டில் வேறு பறவையைக் குடியேற்றி விற்பவர்கள் உண்டு. திருகாணித் தலைகள் சிதைந்திருக்கின்றனவா, பயன்படாத துளைகள் இருக்கின்றனவா என்று பழுது பார்ப்பவரைப் பார்க்கச் சொல். அவை பொய் சொல்வதில்லை.

இங்கிலாந்தின் போவ்ஸ் அருங்காட்சியகத்தில் 1773-ஆம் ஆண்டின் வெள்ளி இயந்திர அன்னம் இருக்கிறது, முடிந்தால் ஒருமுறை போய் வா. முறுக்கிய கண்ணாடித் தண்டுகள் சுழன்று நீரோட்டமாக, அன்னம் கழுத்தை வளைத்து மீனைக் கவ்வி விழுங்கும். விழுங்குவதில்லை என்பதுதான் வேடிக்கை! மீன் முதலிலிருந்தே அலகுக்குள் ஒளிந்திருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது, ஜெர்மனியின் ஔக்ஸ்பர்க் நகரத்து வெள்ளிக் கலைமான். மேலே வேட்டைத் தெய்வம் டயானா அமர்ந்திருப்பாள். சக்கரத்தில் மேசைமேல் ஓடி யார் எதிரே நிற்கிறதோ, அவர் மானின் தலையைக் கழற்றி உள்ளிருக்கும் மதுவைக் குடிக்க வேண்டும். விளையாட்டுப் புத்தி என்றால் இது!

பெட்டியிலிருந்து எது உதிர்ந்தாலும், தூசிபோல இருந்தாலும், எறியாதே. 1928-இல் பிலடெல்பியாவின் பிராங்க்ளின் நிறுவனத்துக்கு ஒரு பித்தளை இயந்திரப் பொம்மை தீயில் கருகித் துண்டுதுண்டாக வந்தது. செய்தவர் வேறொருவர் என்றுதான் கொடுத்த குடும்பம் எண்ணியிருந்தது. பழுது பார்த்து ஓட்டியபோது, அந்தப் பொம்மை படம் வரைந்து, கவிதை எழுதி, ஒன்றின் ஓரத்தில் "மயார்தேயின் இயந்திரம் எழுதியது" என்று பிரெஞ்சு மொழியில் தன்னைச் செய்தவரின் பெயரையே எழுதிவிட்டது.

இன்னொன்று, பழைய பறவைகளுக்குத் தேன்சிட்டு போன்ற ஓசனிச்சிட்டின் இறகு ஒட்டியிருப்பார்கள். அந்த இனங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பவை. அனுமதிச்சீட்டு வேண்டுமா என்று விசாரிக்காமல் பெட்டியை எல்லை தாண்டி எடுத்து வராதே. அப்பாவிடம் காட்ட ஆசை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அடிப்பக்கப் படத்தை முதலில் அனுப்பு. அதுவரை பருத்தித் துணியில் சுற்றி வை. கம்பளி வேண்டாம், அதிலும் கந்தகம் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா