ஒரு டாலர் கூடினால் இரண்டாயிரம் டாலர்: அமெரிக்கக் காங்கிரஸுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்த மடலின் ஆங்கில வடிவம் என் தொகுதி உறுப்பினருக்குத் தனியே போயிருக்கிறது. இங்கே ஓய்வை நெருங்கும் நம்மவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

வசதியுள்ளவர்கள், அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும் என்று 2003இல் சட்டம் இயற்றினீர்கள். 2007 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தக் கூடுதல் கட்டணத்தின் சுருக்கப் பெயர் 'இர்மா'. கேட்டால் எதிர்வீட்டு அம்மாள் பெயர் போல இருக்கும். கூடுதலாகக் கட்டுவதில் எனக்கு மனக்குறை இல்லை. சாதாரண பிரீமியம், மருத்துவர் கட்டணம் போன்றவற்றைப் பார்க்கும் பார்ட் பி-யின் செலவில் கால் பங்கைத்தான் ஈடுகட்டுகிறது. மீதிக்குப் பெரும்பாலும் வரிப்பணம். என்னால் முடிகிறபோது, வேலைக்குப் போகும் பிள்ளைகள் தலையில் அதை ஏன் ஏற்ற வேண்டும்? அந்தக் கட்டணம் ஏறுகிற விதம்தான் வயிற்றெரிச்சல்.

2025ஆம் வருடக் கணக்கைப் பாருங்கள். சாதாரண பார்ட் பி மாதம் 185 டாலர். கணவன் மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்தால், 2023இல் (இரண்டு வருடம் முந்தைய வருமானம்தான் கணக்கு) அவர்கள் வருமானம் 2,12,000 டாலர் வரை இருந்தாலும் அதே தொகைதான். அதற்கு மேல் ஒரு டாலர் வந்துவிட்டால் ஆளுக்கு 259 டாலர். மருந்துக் காப்பீடான பார்ட் டி-க்கு ஆளுக்கு இன்னொரு 13.70. இருவருக்கும் வருடம் முழுக்கக் கூட்டிப் பார்த்தேன்: 2,104 டாலர் 80 சென்ட். வருமான வரியில்கூட இந்த அநியாயம் இல்லை. அங்கே வரம்பைத் தாண்டிய பணத்துக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம்.

தாண்டுகிறவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். என் மனைவிக்கு மாடிப்படி ஏற முடியாமல் போனதால் முப்பது வருடம் குடியிருந்த வீட்டை விற்றோம். விற்ற லாபத்தில் தம்பதிக்கு 5,00,000 டாலர் வரை கணக்கில் சேராது. 1997இல் வைத்த அந்த வரம்பு இன்றுவரை அசையவில்லை; வீட்டு விலை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. மிஞ்சிய லாபம் அந்த ஒரு வருடம் எங்களைப் பணக்காரர்களாகக் காட்டியது. இரண்டு வருடம் கழித்து, பணம் புது வீட்டுக்குள் போய்விட்ட பிறகு, பிரீமியம் ஏறியது. வாழ்க்கை மாறியதால் கட்டணத்தைக் குறைக்கக் கேட்கும் படிவம் எஸ்எஸ்ஏ-44இல் திருமணம், மணமுறிவு, துணையின் மரணம், வேலையை விடுவது எல்லாம் உண்டு. குடியிருந்த வீட்டை விற்பது இல்லை.

எங்கள் பாடாவது ஒரு வருடத்தோடு போயிற்று. துணையை இழந்தவர்கள் கதை அப்படியல்ல. கணவர் போன மறுவருடமே மனைவி தனி ஆளாகத் தாக்கல் செய்ய வேண்டும். வரம்பு பாதியாகிவிடும்; 2025 கணக்கில் 1,06,000 டாலர். வீட்டு வரி பாதியாகாது, கூரை ஒழுகினால் பாதிதான் ஒழுகும் என்றும் இல்லை. ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டாயமாக எடுக்க வேண்டிய தொகையும் பெரும்பாலும் அப்படியே அவர் பெயருக்கு வந்துவிடும். மரணத்தைக் காரணம் காட்டிப் படிவம் கொடுக்கலாம்தான். ஆனால் அவரது இப்போதைய வருமானம் தனி ஆள் வரம்பைத் தாண்டினால் அந்தப் படிவம் கூடுதல் கட்டணத்தை முழுதாக நீக்காது.

ஆகவே கேட்கிறேன். கட்டணம் படியாகத் தாவாமல் சரிவாக ஏறட்டும். தாண்டிய தொகைக்கு ஏற்ற அளவு மட்டும் வாங்குங்கள். குடியிருந்த வீட்டை விற்ற லாபத்தை இந்தக் கணக்கிலிருந்து விலக்குங்கள். பிள்ளை வளர்க்கும் விதவைக்கு வரி விகிதத்தில் இரண்டு வருடச் சலுகை ஏற்கெனவே உங்கள் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைகளை வளர்த்து முடித்தவருக்கும் அதே இரண்டு வருடம், தம்பதிக்குரிய வரம்பையே வைத்துக் கணக்கிடுங்கள். மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால், இந்தக் கடைசியை முதலில் எடுங்கள்.

இப்படிக்கு,
பிரீமியத்தைத் தவணை தவறாமல் கட்டிவரும் ஓய்வுக்காரன்